வேறு வழியில்லாமல் அல்ல
அமெரிக்கப் பாடகரும் சாக்ஸபோன் கலைஞருமான லூயி ஜோர்டனைப் பற்றிய கட்டுரையில், ‘பெரிய ஜாஸ் இசைக்குழுக்கள் நொடித்த பிறகு, வேறு வழியில்லாமல்தான் அவர் சின்னக் குழுவுக்கு மாறினார்’ என்று வருகிறதே, அது தலைகீழ். டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் பெரிய குழுவிலிருந்து அவர் வெளியேறியது 1938-ல். அந்த ஜனவரியில்தான் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் பெரிய குழு நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி ஹால் அரங்கில் வாசித்தது. பெரிய குழுக்களின் கொடி உயரப் பறந்த காலம். அப்போதே இவர் அதே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி கிளப் ஒன்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு இறங்கிவிட்டார். (‘டிம்பனி ஃபைவ்’ என்று பெயர், மேடையில் பல சமயம் ஐந்துக்கு மேல் ஆள் இருக்கும், அது வேறு கதை!) ஆள் குறைந்தால் சம்பளச் செலவும் குறையும், பாட்டு வார்த்தையும் தெளிவாகக் கேட்கும். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் ‘அவர் கோமாளிப் பாடகர், சாக்ஸபோன் சும்மா அலங்காரம்’ என்று எழுதியிருக்கிறார். அர்க்கன்சா மாநிலத்தின் பிரிங்க்லி ஊரில் பித்தளை வாத்தியக் குழு நடத்திய அப்பாவிடம் சிறு வயதிலேயே பாடம் கேட்டவர் அவர். நானும் கொஞ்ச நாள் ஆல்டோ சாக்ஸ் (சாக்ஸபோனில் ஒரு வகை) பழகியிருக்கிறேன். அவர் பாட்டு வரியை முடித்த கையோடு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வது போல ஊதுவார் பாருங்கள், அதை ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே மூச்சு வாங்கியது. சரி, பெரிய குழு ஆசை அவருக்கு வரவே இல்லையா என்றால், வந்தது: 1951-ல் ஒன்று சேர்த்தார், ரொம்ப நாள் ஓடவில்லை.