மில் வைத்திருந்த குடும்பங்களே, அந்தக் கணக்கு நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மலேசியாவின் பினாங்கில் மாவு மில் நடத்திய குடும்பங்களிடம் பழைய கதையைக் கேட்டால் தாத்தா கப்பலேறி வந்ததைச் சொல்வார்கள், கடை திறந்த அன்று எடுத்த படத்தைக் காட்டுவார்கள். அவ்வளவுதான். நடுவில் ஓடிய அத்தனை வருடமும் எங்கே? எனக்கு இது தீராத ஆதங்கம்.

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் துணிக்குக் கஞ்சி போடும் ஸ்டார்ச் செய்துவந்த பிரவுன் அண்ட் போல்சன்காரர்களில் ஜான் போல்சன் என்பவர், மக்காச்சோளத்திலிருந்து சமையலுக்கான ஸ்டார்ச் மாவு எடுத்து 1854இல் காப்புரிமை வாங்கினார். அதை நான் இங்கே உட்கார்ந்து படிக்க முடிகிறது. ஆனால் எங்கள் பெரியப்பா மில்லில் எந்த வருடம் சோளம் அரைக்கத் தொடங்கினார்கள் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில்.

சோளம் அரைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மிளகாய் ஓடிய மிஷினில் அதைப் போட முடியாது, அதனால் காலையிலேயே அரிசி, சோளம், கேழ்வரகு. மல்லி, மஞ்சள் எல்லாம் அப்புறம், மிளகாய் கடைசி. முதலில் கல்லுக்கு இடைவெளி விட்டுக் குறுணையாக உடைத்து, பிறகு சக்கரத்தைத் திருகி இறுக்கி இரண்டாம் தடவை விடவேண்டும். ரொம்ப இறுக்கினால் சூடேறிக் கருகல் வாடை வந்துவிடும். பெரியப்பா கீழே துணிக்குழாயில் இறங்குகிற மாவை இரண்டு விரலில் தேய்த்துப் பார்ப்பார், அதை வைத்துத்தான் திருகுவார். முழுசாக அரைத்த மஞ்சள் நிறச் சோள மாவில் முளைக்கருவின் எண்ணெய் இருப்பதால் சில வாரத்தில் காறல் அடிக்கும், ஆகவே வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டு போவார்கள். பாக்கெட்டில் வரும் வெள்ளை கார்ன்ஃப்ளாரில் கரு, தோல், புரதம் எல்லாம் பிரித்தெடுத்தாயிற்று. அது மாதக்கணக்கில் கெடாது. அதோடு நம் மில் எப்படிப் போட்டி போடும்?

அப்புறம் வாடகை. 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை 1997இல் ரத்து செய்தார்கள், 2000 ஜனவரியோடு பாதுகாப்பு முடிந்தது. பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது 2008இல். அதற்குள் எங்களைப் போல எத்தனையோ பேர் மூட்டை கட்டியாயிற்று. கட்டடத்தைப் போற்றுகிறோம், சரி, உள்ளே உழைத்தவர்களை யார் எழுதுவது?

அதிலும் பெண்கள். பின்கட்டில் அடுப்படியில் நின்று மல்லியும் மிளகாயும் வறுத்துக் கொடுத்தது எங்கள் அத்தை. கடைப் பலகையில் அவர் பெயர் இல்லை, சம்பளக் கணக்கிலும் இல்லை. இது அநியாயம் என்று நான் வீட்டிலேயே சொல்லிவிட்டேன்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். கல் கொத்த யார் வந்தார், மோட்டார் எங்கே வாங்கினது, ஜப்பான்காரர்கள் ஆண்ட சப்பான் காலத்தில் எதை அரைத்தார்கள், கிலோவுக்கு என்ன கூலி, கடனுக்கு வாங்கினவர்கள் யார் யார். அத்தையிடம் நான் தொடங்கிவிட்டேன். உங்கள் வீட்டில் பழைய பில் புத்தகம் இருந்தால் இரண்டு பக்கமாவது படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.