மந்திரியை விடுங்கள், வீட்டைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்து நல்லூரில் இருக்கும் மந்திரி மனை என்ற பழைய வீட்டுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மந்திரியைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்.

கனடா, லண்டன் சொந்தங்கள் விடுமுறைக்கு வந்தால் ஊர் காட்டுகிற வேலை என் தலையில்தான் விழும். முதலில் கந்தசுவாமி கோயில், அப்புறம் ஐஸ்கிரீம், அப்புறம் பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோரணவாசல், கடைசியில் மந்திரி மனை. மனை வாசலில் நின்று எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறோம். யாழ்ப்பாண அரசனின் மந்திரி இருந்த வீடு, உள்ளே ஒரு சுரங்கம், அது யமுனா ஏரி வரைக்கும் போகும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஒரு செல்ஃபி. சரி, வாங்கோ போவம்.

நல்லூர் அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1621இல் பழைய கந்தசுவாமி கோயிலும் இடிபட்டது. ஆட்சி கடற்கரைப் பக்கம், இன்றைய பட்டினத்துக்குப் போய்விட்டது. அரசனுடைய மாளிகையே தரைமட்டம். அப்படியிருக்க மந்திரியின் வீடு மட்டும் மாடியோடும் ஐரோப்பிய வளைவுகளோடும் தப்பி நின்றது என்றால் யாராவது இரண்டு கேள்வி கேட்க வேண்டாமா? இன்று நாம் பார்க்கும் கட்டடம் பிற்காலத்தது என்பது அதன் முகத்திலேயே தெரிகிறது. அந்த வளவில் முன்பு ஒரு மந்திரி குடியிருந்திருக்கலாம். அது வேறு கதை.

கதைதானே, சொல்லிவிட்டுப் போகட்டும் என்பார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். மந்திரியைத் தேடிப் போகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதே இல்லை. முகப்பு மண்டபத்து மரவேலையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? நம் கோயில் தச்சுவேலையின் கை அதில் தெரியும். அதைச் சுற்றி நிற்கும் சுவரும் வளைவும் ஐரோப்பியப் பாணி. இரண்டையும் ஒரே முகப்பில் பொருத்தக் கேட்ட வீட்டுக்காரனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும், காசும்தான்! அரசனும் மந்திரியும் இல்லாத ஒரு யாழ்ப்பாணத்தின் கதை அது. அதைச் சொல்ல நமக்கு என்ன வெட்கம்?

டொரண்டோவில் இருந்து வந்த மருமகள் கேட்டாள், "மாமா, காசா லோமாவைப் பாக்க நாங்கள் டிக்கெட் எடுத்தெல்லோ போறம், இதுக்கு ஏன் ஒண்டும் இல்லை?" நல்ல கேள்வி. காசா லோமா பார்வைக்குக் கோட்டை மாதிரி இருந்தாலும் எந்த அரசனும் அதில் இருந்ததில்லை. மின்சாரத்தில் பணம் பார்த்த ஹென்றி பெலட் 1911இல் கட்டத் தொடங்கி, குடியேறிப் பத்து வருடம் போல இருந்துவிட்டு, கடன் கழுத்தை நெரிக்க விட்டுப் போனார். அந்த நொடித்த கதையை ஒளிக்காமல் சொல்லித்தான் அங்கே டிக்கெட் விற்கிறார்கள். சனமும் போகிறது, எங்கள் சனமும் உட்பட.

இங்கே நாம் சுவரில் பெயர் கிறுக்குகிறோம். சாவியால் கீறியது, கரியால் எழுதியது, அம்பு பாய்ந்த இதயம். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, கீறினால் உதிரும், உதிர்ந்த இடத்தில் மழை இறங்கும். கூரையும் ஒழுகினால் சுவருக்குள் புதைந்திருக்கும் மரத்தின் முனை முதலில் உக்கும். வெளியே பார்க்க மரம் திடமாகத்தான் இருக்கும். சீமெந்தைப் பூசிவிட்டால் சரி என்பவர்கள் கவனிக்க வேண்டும்: சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைச் சீமெந்து வெளியே விடாது, உள்ளேயே வைத்து அழுகவைக்கும்.

2025 செப்டெம்பர் மழையில் மனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அன்று முகநூல் முழுக்க ஒப்பாரி, "எங்கள் அரசின் கடைசி அடையாளம்" என்று. அடுத்த கிழமை வேறு ஒப்பாரி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தை அனுமதி இல்லாமல் யாரும் திருத்த முடியாது, தனியார் காணியில் இருந்தாலும்கூட. சட்டம் தேவைதான். ஆனால் கைவைக்காதே என்று சொல்கிறவர்கள் தாங்களாவது காலத்தோடு கைவைக்க வேண்டும். ஒவ்வொரு மாரிக்கும் முன்பு கூரையில் ஏறி ஓடு மாற்றுவதற்கு ஆராய்ச்சி மாநாடு எதுவும் தேவையில்லை.

அரசர் காலம்தான் வேண்டும் என்றால் யமுனா ஏரிக்குப் போங்கள். மனையில் இருந்து நடக்கிற தூரம்தான். முத்திரைச் சந்தியில், பழைய கோயில் இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று நிற்கும் யாக்கோபு தேவாலயத்தின் பக்கம் திரும்புங்கள். "ப" வடிவில் கரை கட்டிய கேணி. ஏரி என்ற பெயரைக் கேட்டுப் படகு தேடாதீர்கள். யமுனை நதி நீரைக் காவடியில் கொண்டுவந்து இதில் கலந்தான் ஓர் அரசன் என்பது வழிவழியாக வரும் கதை. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. நான் போகும்போதெல்லாம் அங்கே இரண்டு பேர்கூட இருப்பதில்லை, எல்லோரும் மந்திரி வீட்டு வாசலில்.

இனி யாரையாவது கூட்டிப்போனால் வெயில் தாழ்ந்த பிறகு ஏரியில் தொடங்கி, சட்டநாதர் கோயில் பக்கமாக வந்து, மனையைக் கடைசியில் காட்டுங்கள். வெளியே நின்றே காட்டுங்கள், உள்ளே ஏறுவது இப்போது ஆபத்து. சுரங்கம் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் முகப்பு மரவேலையைக் காட்டி, அதைச் செதுக்க எத்தனை பேர் எத்தனை நாள் இருந்திருப்பார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.