2,500 ரூபாயும் ஒரு கறுப்பு லாப்ரடாரும்

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட் உங்களில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். "பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர் ஒரு நாய்க்கு 2,500 ரூபாய் கேட்கிறார், உஷாராக இருங்கள்" என்று அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டிருக்கிற அந்தப் பொழுதுபோக்குக்காரி நான்தான். அதற்கு நேர் கீழே ஒரு ஸ்டூடியோக்காரர் வந்து, "2,500க்கு எடுத்துக்கொடுத்து இவர்களைப் போன்றவர்கள்தான் தொழிலையே கெடுக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். தொகை ஒன்றுதான். ஒருவருக்கு அது கொள்ளை, இன்னொருவருக்குப் பிச்சைக்காசு. இரண்டுக்கும் கட்டைவிரல் காட்டியவர்களில் மூன்று பேர் ஒரே ஆட்கள். எண்ணிப் பார்த்தேன், ஆமாம், எண்ணித்தான் பார்த்தேன்.

நடந்ததை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கக் கூப்பிட்டவர்களின் லாப்ரடாருக்கு நான்காவது பிறந்தநாள். தொகையை முதலிலேயே சொன்னேன், எழுத்திலேயே சொன்னேன்: ஒன்றரை மணி நேரம், திருத்திய படங்கள் 20, கட்டணம் 2,500 ரூபாய். "சரி அக்கா" என்று பதில் வந்தது. ஞாயிறு காலை ஆறரைக்கு கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் எடுத்தோம். புதன்கிழமை படங்களை அனுப்பினேன். "ஐயோ அக்கா, இவன் எங்கள் பையன்தானா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது" என்றார்கள். வெள்ளிக்கிழமை யுபிஐயில் 1,000 ரூபாய் வந்தது. மீதியைக் கேட்டபோது, "மேடம், நீங்கள் ஹாபியாகத்தானே எடுக்கிறீர்கள்?" என்று பதில். படம் கைக்கு வரும்வரை அக்கா. மீதிப் பணம் என்றதும் மேடம்.

ஆமாம், ஹாபிதான். திங்கள் முதல் சனி வரை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மற்றவர்களின் கணக்கைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாய்களைப் படம் எடுக்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதால் அதன் விலை பூஜ்யமாகிவிடாது. பிரியாணி செய்ய ஆசைப்படுகிறவர் வீட்டில் நாற்பது பேராகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "உங்களுக்குத்தான் சமைக்கப் பிடிக்குமே" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவீர்களா?

2,500 என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் இதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். என்னுடையது நிகான் டி750 கேமரா, 2014இல் வந்த மாடல். பழையதாக 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் கதவை, 1,50,000 கிளிக் வரை சோதித்திருப்பதாக நிறுவனம் சொல்கிறது. என் கைக்கு வரும்போது 40,000 ஓடியிருந்தது, மிச்சம் 1,10,000. ஒரு நாய்க்கு நான் 700 முறையாவது அழுத்துகிறேன், ஏனென்றால் நாய் "ரெடியா?" என்றால் தலையாட்டாது. 157 நாய்கள் முடிந்தால் என் கணக்கில் இந்தக் கேமராவின் ஆயுள் முடிந்தது. வகுத்துப் பாருங்கள், ஒரு நாய்க்கு 395 ரூபாய் கேமராவுக்குள்ளேயே தேய்கிறது. பெட்ரோல் 110. வேகவைத்த கோழி ஈரல் 80. மென்பொருள் சந்தாவில் ஒரு நாயின் பங்கு 150. மிஞ்சுவது 1,765. போய்வர ஒரு மணி நேரம், எடுக்க ஒன்றரை, 700இலிருந்து 20ஐப் பொறுக்கித் திருத்த ஐந்து. மணிக்கு 235 ரூபாய் வருகிறது. லென்ஸின் விலையை இதில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் எனக்கே அழுகை வரும். மழைக்காலத்தில் அதற்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் அடைத்துக் காப்பாற்றுவதையும் சேர்க்கவில்லை.

"நாயைப் படம் எடுப்பதில் என்ன இருக்கிறது, என் போனிலேயே நன்றாக வருகிறதே" என்று ஒருவர் அங்கே எழுதியிருக்கிறார். வரட்டும், மகிழ்ச்சி. பிறகு என்னை ஏன் கூப்பிட்டீர்கள்? அது கறுப்பு லாப்ரடார். கறுப்பு நாயைச் சட்டகம் முழுக்க வைத்தால் கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். விட்டுவிட்டால் நாய் வெளுத்துப்போய் அடுப்புச் சாம்பலில் புரண்டு எழுந்ததுபோல் நிற்கும். வெளிச்சத்தை நாமாகக் குறைக்க வேண்டும். ராஜபாளையம் நாய் என்றால் நேரெதிர், கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பால் வெள்ளை அழுக்கு வெள்ளையாகிவிடும். கறுப்பு முகத்தில் கறுப்புக் கண், அதில் ஒரு புள்ளி ஒளி விழவில்லை என்றால் கண் இருந்த இடமே தெரியாது. பிளாஷ் போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: நாயின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. பிளாஷ் நேராக விழுந்தால் செல்லம் பச்சைக் கண் பேயாகிவிடும். அதனால் வானத்து வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகத் தேடி அவனை உட்காரவைத்து, நான் தரையில் குப்புறப் படுத்து, அவன் கண்ணுக்கு நேராகக் கேமராவை வைத்து எடுத்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எறும்பு கடித்தது. புது மிரர்லெஸ் கேமராக்கள் நாயின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் அந்த வசதி கிடையாது, விரலால் புள்ளியை நகர்த்திக் கண்ணில் வைக்க வேண்டும், அதற்குள் அவன் வேறு பக்கம் திரும்பிவிடுவான். கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மை மூன்று முறைதான் வேலை செய்யும். நான்காவது முறை, "உனக்கு வேறு வேலை இல்லையா?" என்பதுபோல் பார்ப்பான். அந்தப் பார்வையைத்தான் அவர்கள் இப்போது முகப்புப் படமாக வைத்திருக்கிறார்கள். இன்னும் மாற்றவில்லை, இன்று காலையும் பார்த்தேன்.

கேட்கப்போகிற கேள்விகள் எனக்குத் தெரியும். "வரி கட்டுகிறீர்களா?" என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. ஆடிட்டர் அலுவலகத்துப் பெண்ணிடம்! சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. அதைத் தொட நான் ஆண்டுக்கு 800 நாய்களை எடுக்க வேண்டும், தீபாவளி பொங்கல் பார்க்காமல் நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல். வருகிற சொற்பத்தையும் என் வருமான வரிக் கணக்கில் காட்டுகிறேன். நீங்கள் வாங்குகிற வீட்டு வாடகையைக் காட்டுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

இன்னொருவர், "படத்தின் உரிமை எங்களுடையது, நீங்கள் உங்கள் பக்கத்தில் போட்டதே தவறு" என்கிறார். சட்டம் பேசலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு: ஒருவர் சொல்லி, அதற்குரிய பிரதிபலன் பெற்று எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சும்மா எடுத்துக்கொடுத்தால் உரிமை என்னிடமே இருக்கும். அதாவது காசு கொடுப்பவருக்குச் சட்டமே மரியாதை செய்கிறது. 2,500க்கு 1,000 கொடுத்தவருக்கு என்ன கணக்கு என்று சட்டத்தில் இல்லை. தலை உங்களுக்கு, வால் எனக்கு என்று பிரித்துக்கொள்வோமா?

ஸ்டூடியோக்காரர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அவருக்குக் கடை வாடகை உண்டு, உதவியாளர் சம்பளம் உண்டு, கல்யாண சீசன் முடிந்தால் ஈயோட்ட வேண்டும். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிறு மட்டும் வருகிறவள் குறைத்துக் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒரு கேள்வி. முதல் இரண்டு ஆண்டுகள் நான் ஒரு பைசா வாங்காமல் எடுத்தேனே, அப்போது இவர் எங்கே போனார்? அப்போது "அருமை மேடம்" என்று பின்னூட்டம் போட்டவர்தானே? விலை சொன்ன பிறகுதான் நான் தொழிலைக் கெடுப்பவளாகிவிட்டேன். சரி, இதற்கு மேல் அவரைப் பற்றிப் பேசினால் வாய் தவறிவிடும்.

தெருநாய்களைத் தத்துக் கொடுப்பதற்கான படங்களுக்கு நான் இன்றுவரை காசு வாங்கியதில்லை, இனியும் வாங்கமாட்டேன். அது வேறு. அதை எடுத்துக்காட்டி, "அந்த நாய்க்கு இலவசம், எங்கள் நாய்க்கு மட்டும் பணமா?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? அந்த நாய்க்கு வீடு இல்லை. உங்கள் நாய்க்குத் தனி ஏசி இருக்கிறது, நானே பார்த்தேன்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு பெரியவர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வளர்த்த ஸ்பிட்ஸ், ரோஸி, 14 வயது, இரண்டு கண்ணிலும் புரை. அப்போது நான் காசு வாங்குவதில்லை. திண்ணையில் அவர் மடியில் வைத்து எடுத்தேன், பத்தே நிமிடம்தான், ரோஸிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உள்ளே போனார், நெடுநேரம் வரவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் 101 ரூபாய் வைத்து எடுத்துவந்தார். வேண்டாம் என்றேன். "சும்மா வாங்கிக்கொண்டால் ரோஸிக்கு மரியாதை இல்லை அம்மிணி" என்றார். வாங்கிக்கொண்டேன். அந்த 101 ரூபாயை வண்டியை நிறுத்திவிட்டு வழியில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். காசு வாங்குவது கேவலம் இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இவர்கள் அதை மறுபடி கேவலமாக்கப் பார்க்கிறார்கள். அதுதான் சுடுகிறது, 1,500 ரூபாய் இல்லை.

"அவ்வளவு வலித்தால் எடுப்பதை நிறுத்திவிட வேண்டியதுதானே?" இதை எழுதியவர் என் உறவினர் என்பதால் இங்கேயே பதில் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து கேட்காதீர்கள்.

பொள்ளாச்சி பக்கத்தில் எங்கள் ஊரில், நான் சின்னவளாக இருந்தபோது மணி என்று ஒரு நாய் இருந்தது. செவலை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். பள்ளிக்கூட பஸ் வரும்வரை என்னோடு நின்று, பஸ் கிளம்பியதும் திரும்பிப் போகும். அப்பாவிடம் ஹாட்ஷாட் கேமரா ஒன்று இருந்தது. ஒரு ரோலில் 36 படம், அதை அவர் தங்கத்தைப் போலச் செலவு செய்வார். மணியை ஒன்றே ஒன்று எடுங்கள் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். "நாய்க்கெல்லாமா ஃபிலிமை வீணாக்குவது?" என்பார். அப்பாவைக் குறை சொல்லவில்லை, ரோலை வாங்கி, கழுவி, பிரிண்ட் போட அன்று அவருக்கு ஆன செலவு அவருக்குத்தான் தெரியும். மணி 1993இல் லாரியில் அடிபட்டது. சித்தி கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் வலது ஓரத்தில், பெரியப்பாவின் வேட்டிக்குப் பின்னால், ஒரு வால் தெரியும். மணியின் வால். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

அதனால் நிறுத்தமாட்டேன். இதையெல்லாம் கட்டணப் பட்டியலில் போட முடியாது, போடவும் இல்லை. பட்டியலில் இருப்பது ஷட்டரும் பெட்ரோலும் ஈரலும் என் ஐந்து மணி நேரமும் மட்டும்தான். அதைக்கூடக் கொடுக்க மனமில்லாதவர்கள் போனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், உண்மையாகவே நன்றாக வரும், வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுங்கள், தரையில் உட்கார்ந்து எடுங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து 3,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி கைக்கு வந்த பிறகே முழு அளவுப் படங்கள். இந்த விதியை முதலிலேயே வைத்திருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னது சரி என்று இன்றுதான் ஒப்புக்கொண்டேன், அந்த வருத்தம் தனி.

அந்த லாப்ரடாரின் 700 படங்களும் என் வன்தட்டில் இருக்கின்றன. நேற்று இரவு கோபத்தில் மொத்தமாக அழித்துவிடலாம் என்று திறந்தேன். 412ஆவது படத்தில் அவன் ஈரலை முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என் சட்டைப்பையை முகர்ந்துகொண்டிருக்கிறான். லென்ஸுக்கு மிக அருகில், மூக்கு மட்டும் பெரிதாக, ஃபோகஸே இல்லை. அனுப்பிய இருபதில் அது இல்லை.

அழிக்கவில்லை.