மூடியைப் பார்த்தே ஹெட்டைக் கழற்றும் மேதைகள்

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் இடையே, குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடும் துணிச்சல் இந்தப் பட்டறைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. குன்னூரில் இருக்கும் என் சித்தப்பாவின் பெட்ரோல் காருக்கு அண்மையில் இதுதான் நடந்தது. மேற்பார்வையாளர் மூடியைத் திருகி எடுத்து, அந்தப் பசையை விரலில் வழித்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க சார், ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பிரலாங்க" என்றார். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை அவர் உருவிக்கூடப் பார்க்கவில்லை. கூலன்ட் மட்டம் குறைந்திருக்கிறதா என்று குனிந்தும் பார்க்கவில்லை. ஆனால் 40,000 ரூபாய்க்குக் குறையாது என்ற கணக்கு மட்டும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விட, சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறி அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் ஓடினால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகி, என்ஜினுக்குள் தேங்கும் ஆவியை மீண்டும் எரிய அனுப்பும் பி.சி.வி. வால்வு வழியாக உறிஞ்சப்பட்டு எரிந்து போகும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று மலைக்குளிரில் ஓடும் காரில் அந்தச் சூடு எங்கே ஏறும்? டாஷ்போர்டில் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பார்கள்; அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை, ஆயில் அதற்கு வெகு பின்னால்தான் சூடாகிறது. என்ஜினின் மேலே, காற்றுப் பட்டுக் குளிர்ந்து கிடக்கும் மூடியில் ஈரம் படிந்து ஆயிலோடு குழைந்தால் அந்தப் பசை வரத்தான் செய்யும்.

கேஸ்கெட் போகவே போகாது என்று நான் வாதாட வரவில்லை. போகும், கூலன்ட் கலந்த ஆயிலில் என்ஜினை ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து என்ஜினே கைவிட்டுப் போகும். அதனால்தான் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயில் பால் விட்ட காப்பி போல் இருக்கிறதா, ஊற்றாமலே அதன் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பழந்துணி போதும். இரவு முழுவதும் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால், பிரிந்து அடியில் தங்கிய தண்ணீர் ஆயிலுக்கு முன்னால் சொட்டும். 150 டிகிரிக்குச் சற்று மேல் காய்ந்த தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விட்டால், சுத்தமான ஆயில் சத்தமின்றிப் படரும்; தண்ணீர் கலந்தது குமிழ் விட்டுச் சடசடவென்று வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆறிய ரேடியேட்டரில் கைப்பம்பைப் பொருத்தி, ரேடியேட்டர் மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றிவிட்டுக் கேஜ் முள் இறங்குகிறதா, அதாவது எங்காவது கசிகிறதா என்று பார்க்கலாம். கூலன்ட்டின் மேல் தேங்கும் காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்த்து, திரவம் மஞ்சளாக மாறினால் என்ஜினில் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் கசிகிறது என்று அறியலாம். இன்னும் ஐயம் தீராவிட்டால் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோடியமும் பொட்டாசியமும் எகிறியிருந்தால் வந்தது கூலன்ட்டாகத்தான் இருக்கும். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஸ்பேனரை எடுப்பவரை மெக்கானிக் என்று எப்படி அழைப்பது?

கூலன்ட்டைக் கொண்டு ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலர் என்று ஒன்று பல டீசல் கார்களில் இருப்பதும் இவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அதன் உட்சுவர் ஓட்டையானால், ஓடும்போது அழுத்தம் மிகுந்த ஆயில் கூலன்ட்டுக்குள் புகும். நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட, சூட்டில் அழுத்தம் குறையாத கூலன்ட் ஆயிலுக்குள் புகும். இதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றிச் சமன் செய்து புதுக் கேஸ்கெட் போட்டு மூடினால் பழைய வெண்மை மறுபடி வந்து நிற்கும், அப்போது "பிளாக்கில் விரிசல்" என்று அடுத்த கதை தொடங்கும்.

சித்தப்பாவின் காரை வேறொருவரிடம் காட்டினோம். அவர் அழுத்தச் சோதனை செய்தார், முள் அசையவில்லை. பிறகு தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டைத் திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லை! சமவெளியில் வாங்கிய பழைய கார் அது. நம் வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று எந்தப் பட்டறையோ அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறது. 80 டிகிரியைத் தாண்டிய பிறகே திறக்க வேண்டிய வால்வு இல்லாவிட்டால், குளிர்ந்த கூலன்ட் ஓயாமல் சுற்றி என்ஜினைச் சூடேறவே விடாது. போதாக்குறைக்கு ரேடியேட்டரில் இருந்தது செந்நிறத் துருவேறிய குழாய்த் தண்ணீர். ஆக, ஒரு பட்டறை பிடுங்கிய வினைக்கு இன்னொரு பட்டறை ஹெட்டைக் கழற்றப் பார்த்திருக்கிறது. புதுத் தெர்மோஸ்டாட், முறையான கூலன்ட், புது ஆயில் ஆகியவற்றோடு மேட்டுப்பாளையம் வரை இறங்கி, முக்கி முனகி மலையேறி வந்த பிறகு மூடி சுத்தமாக இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

சோதனைக்கு வாடிக்கையாளர் கூலி தர மறுக்கிறார், பொருள் மாற்றினால்தான் பணம் கைக்கு வருகிறது என்று பட்டறைக்காரர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அதில் நியாயம் உண்டு, "சும்மா பார்த்ததற்கா இவ்வளவு?" என்று சண்டைக்கு நிற்கும் கார்க்காரர்களை நானும் அறிவேன். என்னிடம் அந்தச் சாக்கு வேண்டாம். பம்பை மாட்டி முள்ளைக் காட்டுவதற்கு அரை நாள் கூலி கேளுங்கள், பேரம் பேசாமல் தருகிறேன். முள் இறங்குவதை என் கண்ணால் பார்த்துவிட்டால், ஹெட்டைக் கழற்றும்போது ஸ்பேனரைக்கூட நானே எடுத்துக் கொடுக்கிறேன்.