மண்ணுக்கு யார் மானியம் தருவார்கள்?

2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019ல் போட்ட இலக்கைச் சிங்கப்பூர் அரசாங்கம் 2025 நவம்பரில் எடுத்துவிட்டது. இப்போது 2035ஆம் ஆண்டுக்குப் புதிய கணக்கு: காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு. 2024ல் நாம் எட்டியிருந்தது முறையே 8, 26. செய்தி வந்ததும் நண்பர்கள் பலர் கேலி செய்து எழுதினார்கள். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் முயன்று பார்த்ததில் தப்பே இல்லை. கொடுத்த பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

அரசாங்கம் கையை இறுக்கிக்கொண்டது என்று யாரும் சொல்ல முடியாது. வேளாண் உற்பத்தித்திறனுக்கென்று 2014ல் 63 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கொவிட் காலத்தில் அவசர மானியமாக 30 மில்லியன். 2021ல் வேளாண் உணவுத் துறையை உருமாற்ற இன்னொரு 60 மில்லியன். எல்லாவற்றிலும் ஒரே பார்வை: அதே நிலத்தில் இன்னும் எத்தனை கிலோ எடுக்கலாம்? அடுக்கடுக்காகத் தட்டுகள், எல்இடி விளக்குகள், தானியங்கிக் கருவிகள். முட்டைப் பண்ணைகளுக்கு இது கைகொடுத்தது; நாம் சாப்பிடும் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளூர் முட்டை. கீரைக்குக் கைகொடுக்கவில்லை. மின்கட்டணம் ஏறியதும் உள்ளரங்கப் பண்ணைகள் சில கதவைச் சாத்திவிட்டன. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் மலேசியக் கீரைக்கட்டு பக்கத்திலேயே மலிவாகக் கிடக்கும்போது, விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த கீரையை எத்தனை பேர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள்? நானே வாங்குவதில்லை.

அமெரிக்காவில் இதே மாதிரி உதவிக்கு வேறு ஒரு வழக்கம் இருக்கிறது. 1930களில் அங்கே புழுதிப்புயல் வயல்வெளிகளின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. 1935ல் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு துறையை அமைத்தார்கள். விளைச்சலைக் கூட்டினால்தான் பணம் என்று அங்கே நிபந்தனை இல்லை. மாடு வளர்ப்பவர் ஓடைக்கரையில் வேலி போட்டு, மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியைத் தள்ளி வைத்தால், செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. ஓடையில் சாணி கலக்காமல் இருப்பதுதான் அரசுக்கு வேண்டியது. அரிப்புக்கு ஆளாகும் நிலத்தில் பயிரிடாமல் புல்லும் மரமும் வளரவிட்டால் 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டு வாடகையே தருகிறார்கள். இது 1985ல் வந்த திட்டம். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும் கைமுதல் இல்லாதவர்களும் கேட்டால் உதவித்தொகையில் பாதியையாவது முன்பணமாகத் தரவும் வழி இருக்கிறது. குறை இல்லாத திட்டம் இல்லை. விண்ணப்பித்தவர்களில் நிறையப் பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஆனால் மண்ணையும் தண்ணீரையும் காப்பது ஊருக்குச் செய்கிற வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்பது அங்கே சட்டத்திலேயே இருக்கிறது.

நமக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. 1984ல் பன்றிப் பண்ணைகள் மாசுபடுத்துகின்றன என்று முடிவெடுத்து, சில ஆண்டுகளில், அவை நிறைந்திருந்த பொங்கோலில் ஒன்றுகூட இல்லாமல் செய்தோம். குடிநீருக்காக எடுத்த முடிவு, குறை சொல்ல மாட்டேன். மாடும் அப்படியே போனது. எருமைத் தொழுவத்தின் பெயரையே மலாயில் கண்டாங் கெர்பாவ் என்று சுமந்த லிட்டில் இந்தியா வட்டாரத்தில், இன்று பொங்கலுக்குக் கொண்டுவந்து கட்டும் மாட்டைப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்க்கிறார்கள். விவசாயம் அழுக்கானால் அப்புறப்படுத்து, இல்லாவிட்டால் நான்கு சுவருக்குள் அடை. விவசாயியிடமே பணத்தைக் கொடுத்து, "நீயே சுத்தமாக வைத்துக்கொள்" என்று சொல்லும் மூன்றாவது வழியை நாம் பெரிதாக முயன்றதில்லை.

தீவின் வடமேற்கே கிராஞ்சிப் பக்கம் ஒரு கீரைப் பண்ணைக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. பண்ணைக்காரர் சீனர், எழுபதைத் தாண்டியவர். கங்கோங் கீரைப் பாத்தியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினார். கறுப்பாக, பொலபொலவென்று, மழை வாசனையோடு இருந்தது. வேலிக்கு அப்பால் பயன்படுத்தாமல் கிடந்த மண் செங்கல் நிறம், மண்வெட்டி இறங்காது. இரண்டும் ஒரே நிலம்தான். கோழி எருவும் இலைமக்கும் போட்டுப் போட்டு அவர் ஆக்கிய மண் அது. "இந்த வருஷம் எரு எவ்வளவு போட்டீர்கள், அங்கிள்?" என்று கேட்டேன். "குத்தகை முடியப் போகிறது தம்பி, இனி எதற்கு?" என்றார். மலாயில்தான் பேசினோம், 'அடிக்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

என் வழக்கு முழுவதும் அவர் பதிலில் அடங்கிவிடும். 2014ல் கிராஞ்சியை அடுத்த லிம் சூ காங்கில் 60க்கும் மேற்பட்ட பண்ணைகளிடம் குத்தகை நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. பிறகு குத்தகை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. புதிய நிலத்துக்கு முதலில் 10 ஆண்டு, பிறகு வேண்டுமானால் இன்னொரு 10 என்றார்கள். பண்ணையாளர்கள் முறையிட்ட பிறகு 20 ஆனது. இருபது ஆண்டில் இயந்திரத்துக்குப் போட்ட முதலை எடுத்துவிடலாம், போகும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். மண்ணை மூட்டை கட்ட முடியுமா?

தமிழ்நாட்டில் சொந்த நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் மானியம் என்றதும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அங்கே சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு விழுக்காடு மானியம். ஆனால் சிட்டா, அடங்கல், தாசில்தார் சான்று என்று அலைவதற்குள் ஒரு போகம் முடிந்துவிடும். நம் ஊரில் அலைச்சல் குறைவு. ஒப்புக்கொள்கிறேன்.

நம் நாட்டில் விவசாய நிலமே ஒரு விழுக்காடுதான், இதற்கு ஒரு திட்டமா என்று கேட்பீர்கள். ஒரு விழுக்காடு என்பதால்தான் செலவும் குறைவு. அந்த நிலத்தின் ஒரு பக்கம் கிராஞ்சி நீர்த்தேக்கம், இன்னொரு பக்கம் 2002ல் இயற்கைக் காப்பகமான சுங்கை பூலோ சதுப்புநிலம். அங்கே வடியும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது கீரை விலையைவிடப் பெரிய விஷயம்.

அடுத்த நில ஏலத்திலேயே இதைத் தொடங்கலாம். குத்தகை கொடுக்கும் நாளில் மண்ணைச் சோதித்து எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதியுங்கள். மண்ணின் மக்குச்சத்து கூடியிருந்தால் வாடகையில் கழியுங்கள். வடிகாலில் போகும் தண்ணீர் சுத்தமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கழியுங்கள். குத்தகை முடிந்து நிலத்தைத் திரும்ப வாங்கும்போது, கட்டடத்துக்கு மதிப்பீட்டாளரை அனுப்புவதுபோல் மண்ணுக்கும் ஒருவரை அனுப்புங்கள். சின்னப் பண்ணைகளுக்குப் பாதித் தொகையை முன்கூட்டியே கொடுங்கள். முழுச் செலவையும் கைக்காசில் செய்துவிட்டு ரசீதோடு வா என்றால் வசதி உள்ளவர்தான் வருவார்.