கையசைப்பவர் மாறினால் இசை மாறாதா?

"சிம்பொனியின் இசைக்குறிப்பு ஒன்றுதான். அதனால் யார் நடத்தினாலும் ஒலிப்பதிவு ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசமெல்லாம் மைக்கின் வேலை" என்றொரு கருத்து பலமுறை பகிரப்படுகிறது. இது தவறு. மைக்குக்கும் அரங்குக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் பல நுணுக்கங்கள் மைக்கை எட்டும் முன்பே, இசைக்குழுவின் முன் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநரின் கையில் முடிவாகிவிடுகின்றன.

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1893இல் அவரே நடத்தி அரங்கேற்றியது. அதன் கடைசிப் பகுதி தொடங்கும்போது படிப்படியாக இறங்கும் ஒரு சோக மெட்டு கேட்கும். ஆனால் அந்த மெட்டை எந்த வயலின் குழுவும் முழுதாக வாசிப்பதில்லை! ஒரு ஸ்வரம் முதல் வயலின்களுக்கு, அடுத்தது இரண்டாம் வயலின்களுக்கு என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே தாவித் தாவிப் போகும். சேர்ந்தால்தான் மெட்டு.

இரு குழுக்களையும் நடத்துநர் ஒரே பக்கம் உட்கார வைத்தால் இந்தப் பின்னல் காதுக்குத் தெரியாது. இடமும் வலமுமாக எதிரெதிரே உட்கார வைத்தால், ஹெட்ஃபோனில் மெட்டு அங்கும் இங்கும் நடுங்குவது தெளிவாகக் கேட்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். அந்தத் துயரம் அப்போதுதான் உடைந்து உடைந்து வருகிறது.

அப்புறம் சமநிலை. பித்தளைக் கருவிகளைச் சற்று அடக்கச் சொன்னால் அடியில் புதைந்திருந்த பசூன், கிளாரினெட் என்ற மர ஊதுகருவிகளின் ஒலி மேலே வரும். ஒத்திகையில் நடத்துநர் செய்யும் வேலையே பெரும்பாலும் இதுதான். வேகமும் அப்படியே. பீத்தோவனின் 9ஆம் சிம்பொனி ஒருவர் கையில் சுமார் 62 நிமிடம், இன்னொருவர் கையில் 74. குறிப்பு அதேதான்.