அம்மாவின் மழைக்காலப் பையும் கர்த்தருடைய வருகையும்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் ஒரு காக்கித் துணிப்பை ஏறிவிடும். ரேஷன் கார்டு, பட்டா நகல், பேங்க் பாஸ்புக், டார்ச், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிரஷர் மாத்திரை, ஒரு கம்பளி என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அம்மா உள்ளே வைத்திருப்பார். 2009 நவம்பரில் நீலகிரியில் பேய்மழை கொட்டி, மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்களே, அந்த வருஷத்திலிருந்து இந்தப் பழக்கம்.

அன்று ராத்திரி எங்கள் சமையலறைத் தரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. கரண்ட் இல்லை, குன்னூர் போகிற ரோடும் அடைந்துவிட்டது. ஏழெட்டுக் குடும்பங்கள் சர்ச் ஹாலில் போய்ப் படுத்தோம். எல்லாரும் நடுங்கிக்கொண்டு, சிலர் ஜெபித்துக்கொண்டு, பிள்ளைகள் அழுதுகொண்டு இருக்கும்போது, அம்மா நனைந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து பக்கத்து வீட்டு அத்தையிடம் இருநூறு ரூபாயை நீட்டினார். சீட்டுக் கட்டுவதற்குக் கைமாற்றாக வாங்கியிருந்த பணம். "இந்த நேரத்துலயா? காலையில பாத்துக்கலாம்" என்றார் அத்தை. "காலையில நான் இருந்தா உனக்கு டீ போட்டுத் தரேன். கடன் நிக்கக் கூடாது" என்றார் அம்மா.

நியாயத்தீர்ப்பைப் பற்றி எத்தனையோ கன்வென்ஷன் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த இருநூறு ரூபாய் அளவுக்கு எதுவும் எனக்குள் இறங்கியதில்லை.

இப்போது சபையில் அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்கள், நடக்கிறது. திருவருகைக் காலம் என்றாலே ஸ்டார் கட்டுவது, கேரல் ரவுண்ட்ஸ், கேக் என்று மனசு போய்விடுகிறது, தப்பில்லை, எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் பெத்லகேமுக்கு வந்தவர் மறுபடியும் வருவார் என்பதைத்தான் சபை வெகுகாலமாக இந்த வாரங்களில் சேர்த்தே தியானித்து வந்திருக்கிறது. "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் எழுந்து நின்று சொல்கிறோம். சொல்லி முடித்து உட்காரும்போது நமக்குள் ஏதாவது அசைகிறதா?

அசையாததற்கு ஒரு காரணம் தேதி சொல்கிறவர்கள் என்று நினைக்கிறேன். போன மாதம்கூட எங்கள் குரூப்பில் ஒரு வீடியோ சுற்றியது, எந்த யுத்தம், எந்தக் கிரகணம், எத்தனை வருஷம் என்று கூட்டிக் கழித்து முடிவு நாளைக் காட்டியது. இது புதுசு இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேல் புத்தகத்தை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று ஒரு நாள் குறித்தார்கள். அதை நம்பி அந்த வருஷம் அறுவடையே செய்யாமல் விளைச்சலை நிலத்தில் விட்ட விவசாயிகள் உண்டு. 23ஆம் தேதி வழக்கம்போல விடிந்தது. பிறகு 2011இல் ஹரோல்டு கேம்பிங் என்ற ரேடியோ பிரசங்கியார் மே 21 என்றார், அது போனதும் அக்டோபர் 21 என்றார். சேமிப்பையெல்லாம் அந்தப் பிரச்சாரத்தில் கொட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிகிறது. பிதா ஒருவர் தவிர யாரும் அந்த நாளை அறியார், தூதரும் அறியார், குமாரனும் அறியார் என்று மாற்கு 13இல் ஆண்டவரே சொன்ன பிறகு, அவருக்கும் மேலே போய்க் கணக்குப் போட நமக்கு என்ன துணிச்சல்?

சரி, இன்னொரு காரணம் பயம். பாட்டி வீட்டில் ஒரு படம் மாட்டியிருக்கும், நம்மில் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள், அழிவுக்குப் போகும் விசாலமான வழியும் ஜீவனுக்குப் போகும் இடுக்கமான வழியும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உருவான படம், மிஷனரிகள் வழியாக உலகமெல்லாம் பரவியது. விசாலமான வழியின் உச்சியில் நெருப்பு, அந்தப் பக்கத்தில் ஒரு ரயிலும் ஓடும். கீழே குன்னூரில் மலை ரயில் கூவும்போதெல்லாம் நான் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். பல வருஷம் கழித்துத்தான் அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். இடுக்கமான வழியிலும் கட்டிடங்கள் இருக்கின்றன, சர்ச், ஞாயிறு பள்ளி, கஷ்டப்படுகிறவர்களைப் பராமரிக்கும் இல்லம். வரைந்தவர்கள் அதையும் வரைந்துதான் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு நெருப்பை மட்டும் விரல் வைத்துக் காட்டினார்கள். பயந்து வளர்ந்த பிள்ளை பெரியவன் ஆனதும் அந்தப் பக்கமே பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறான். நான் அப்படித்தான் இருந்தேன்.

மத்தேயு 24ஐயும் 25ஐயும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஒலிவமலையில் சீஷர்கள் கேட்டது "இவைகள் எப்பொழுது சம்பவிக்கும்" என்று. ஆண்டவர் அடையாளங்களைச் சொல்கிறார், நாள் யாருக்கும் தெரியாது என்கிறார், அப்புறம் கதைகளாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலில் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போன எஜமான் கதை. பத்துக் கன்னிகைகளைப் பற்றிப் பேசுகிறோம், தாலந்தைப் பற்றிப் பேசுகிறோம், இந்த ஊழியக்காரனை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். உண்மையுள்ள ஊழியக்காரன் யார்? ஏற்ற வேளையில் மற்ற வேலைக்காரருக்குச் சாப்பாடு கொடுக்கிறவன். பொல்லாதவன் யார்? எஜமான் வர நாளாகும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உடன் வேலைக்காரரை அடிக்கிறவன். எஜமான் வரும் நாளைக் கணக்குப் போடச் சொல்லி அவனிடம் யாரும் கேட்கவில்லை. கூட வேலை செய்கிறவனுக்குச் சோறு நேரத்துக்குப் போனதா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் எனக்கு வலிக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்து பறிக்க ஒரு அக்கா வருவார், எங்கள் சபை இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் எங்கள் கொழுந்தை வாங்கும் பேக்டரியில் பணம் போடத் தாமதமானது, நானும் அவருடைய கூலியை நிறுத்தி வைத்தேன். ஐந்து நாள் கூலி. இரண்டு தடவை கேட்டார். "பேக்டரிக்காரங்க போடட்டும்கா, உடனே தந்துடறேன்" என்றேன். பணம் வந்தது. போன் தவணை கட்டினேன். அதே வாரம் எழுப்புதல் கூட்டத்தில் விசேஷ காணிக்கை என்றார்கள், கண்ணீரோடு ஆயிரம் ரூபாய் போட்டேன். அன்றைய பிரசங்கம் என்ன தெரியுமா, வருகைக்கு ஆயத்தமாகு. அக்காவுக்கு அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. மகனோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்று லைன் வீட்டில் சொன்னார்கள். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை.

சில மாதம் கழித்து யாக்கோபு நிருபம் வாசிக்கும்போது ஐந்தாம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன். வயலை அறுத்தவர்களுடைய கூலி, பிடித்து வைக்கப்பட்ட அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டது என்கிறார். நாலைந்து வசனம் தள்ளி அதே மூச்சில், கர்த்தரின் வருகை சமீபம், "நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார்." கூலியும் வருகையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நான்தான் இத்தனை வருஷம் இரண்டையும் தனித்தனியாகப் பிய்த்து, ஒன்றை பிசினஸ் என்றும் மற்றொன்றை ஆவிக்குரியது என்றும் வைத்திருந்தேன். கூலியைப் பொழுது போகுமுன்னே கொடு, அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறான் என்று உபாகமம் 24 எத்தனையோ காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. பேக்டரி போட்ட பிறகு என்று அதில் எங்கும் இல்லை.

இதைச் சொன்னால் உடனே யாராவது "பிரதர், ரட்சிப்பு கிருபையினால், கிரியையினால் அல்ல" என்பார்கள். ஆமென். சிலுவையை நம்பித்தான் நானும் அந்த நாளில் நிற்கப்போகிறேன், ஐந்து நாள் கூலியைக் கொடுத்து பரலோகத்தை வாங்க முடியாது. ஆனால் அதைச் சொல்லும் எபேசியர் 2:8,9க்கு அடுத்து பத்தாம் வசனம் இருக்கிறது, நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று. கிருபையைப் பிரசங்கித்த அதே பவுல்தான் நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக வெளிப்பட வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். வருகை வந்துவிட்டது என்று குழம்பிக் கிடந்த தெசலோனிக்கேயருக்கும், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று எழுதியது அவர்தான். இயேசு வீட்டுக்குள் வந்ததும் வரி வசூலிப்பவனான சகேயு பாட்டுப் பாடவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இரட்சிப்பு வந்த வீட்டில் கணக்கு நோட்டு திறக்கும்.

மத்தேயு 25இன் முடிவில், எளியவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று சொல்லி ஆண்டவர் ஜனங்களை வலதும் இடதுமாகப் பிரிக்கும் செம்மறியாடு, வெள்ளாடு பகுதியில் என்னை எப்போதும் உலுக்குவது ஒன்று. வலதுபக்கம் நின்றவர்களும் திகைக்கிறார்கள். ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்கிறார்கள். இடதுபக்கத்தாரும் அதையேதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என் தோட்டத்தில் இரண்டு தடவை கூலி கேட்டு நின்றவர் யார் என்று நான் மட்டும் எங்கே கண்டேன்?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு கவரைக் கொண்டுவந்து, "எவ்வளவோ அதை இதுல போடு, மேல கொஞ்சம் சேர்த்துப் போடு" என்றார். வெளியே பேனாவால் அந்த அக்காவின் பேரை எழுதி, பட்டா நகலுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்தார். "மண்ணு சரிஞ்சு ஓடுனாலும் இது நம்ம கூட வரணும். இது நம்ம பணம் இல்லடா" என்றார்.

திருப்பூரில் இரண்டு தடவை விசாரித்துவிட்டேன், கிடைக்கவில்லை. போன வாரம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அவருடைய தங்கையைப் பார்த்தேன். பொங்கலுக்கு அக்கா நிச்சயம் வருவாங்க என்றார். எந்த நாள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

வழக்கமாக டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் அம்மா அந்தப் பையை இறக்கி, கம்பளியை உதறி வெயிலில் போடுவார். இந்தத் தடவை இறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.